லிடர் ஆற்றில் டிரவுட்: நீரின் மாற்றங்களும் ஈத்தூண்டில் முறையும்

மலையாறு எப்பொழுதும் ஒரே நிலையில் ஓடுவதில்லை. பனி உருகுதலும் மழையும் வெயிலும் அதன் ஆழத்தையும் வேகத்தையும் நிறத்தையும் வெப்பநிலையையும் இடைவிடாது மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இம்மாற்றங்களுக்கு ஏற்ப மீன்கள் இடம் பெயர்கின்றன, உணவை மாற்றிக்கொள்கின்றன, சில சமயங்களில் உணவு கொள்வதையே நிறுத்திவிடுகின்றன. ஆகவே, மலையாற்றில் தூண்டிலிட விரும்புவோன் முதலில் ஆற்றின் போக்கை அறிதல் வேண்டும். மீன்வளத்தைக் காக்கும் பொறுப்புடைய பணியாளருக்கும் அதே அறிவு இன்றியமையாதது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகக் காஷ்மீரத்தின் லிடர் ஆற்றைக் கொள்ளலாம்.

அனந்தநாக் மாவட்டத்தில் பாயும் லிடர், இரண்டு கிளைகள் சேர்ந்து உருவாவது. மேற்குக் கிளை கொலஹாய் பனியாற்றினின்றும் புறப்பட்டு அரு என்னும் ஊரின் வழியே வருகிறது. கிழக்குக் கிளை சேஷநாக் ஏரியின் பக்கத்திலிருந்து சந்தன்வாரி வழியாக இறங்குகிறது. இரண்டும் பஹல்காமில் கலந்து, தெற்கு நோக்கி ஓடி ஜீலம் நதியை அடைகின்றன. குளிர்ந்த நீர், கூழாங்கற் படுகை, விரைவான ஓட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதால் டிரவுட் மீன் இங்கு நிலைபெற்றது.

டிரவுட் வந்த வரலாறு

டிரவுட் இந்திய ஆறுகளுக்கு உரிய மீன் அன்று. 1899-ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து காஷ்மீருக்கு அனுப்பப்பட்ட முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தொகுதி பிழைத்தது. பிராங்க் மிட்செல் என்பாரின் மேற்பார்வையில் குஞ்சுகள் வளர்க்கப்பட்டன. ஸ்ரீநகரை அடுத்த ஹர்வானில் பொரிப்பகம் ஏற்பட்டது. குலுப் பள்ளத்தாக்கில் 1909-ஆம் ஆண்டில் இம்மீன் புகுத்தப்பட்டது. தெற்கே நீலகிரியில் 1863-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய முயற்சிகள் நெடுங்காலம் பயன் தரவில்லை. பிறகு எச். சி. வில்சனின் உழைப்பால், 1907-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, வானவில் டிரவுட் அங்குள்ள ஓடைகளில் வேரூன்றியது.

இன்று நம் நாட்டு மலையாறுகளில் இருவகை டிரவுட் உள்ளன. பழுப்பு டிரவுட் பனிக்காலத்தின் தொடக்கத்தில் முட்டையிடுவது, எச்சரிக்கை மிக்கது. வானவில் டிரவுட் இமயமலைப் பகுதியில் பெரும்பாலும் பனிக்காலத்தின் இறுதியில் முட்டையிடும். பண்ணைகளில் வளர்ப்பதற்கு ஏற்றது.

குளிர்நீர் ஏன் வேண்டும்?

டிரவுட்டின் வாழ்க்கை முழுவதும் நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே மீன் செவுள்களால் பெறுகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நன்னீர், லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 20 டிகிரியில் அந்த அளவு 9.1 மில்லிகிராமாகக் குறைகிறது. கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், இவ்வளவுகளும் சுமார் ஐந்தில் நான்கு பங்காகச் சுருங்கிவிடுகின்றன.

நீர் சூடேறும்போது கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. ஆனால் மீனின் உடலுக்கு வேண்டிய பிராணவாயுவோ மிகுகிறது. இவ்விரண்டிற்கும் நடுவில் டிரவுட் நெருக்குண்கிறது. ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி வரையுள்ள நீரில் அது நன்கு உண்டு வளரும். 4 டிகிரிக்குக் கீழே சோர்ந்து ஆழத்தில் அடங்கிக் கிடக்கும். 20 டிகிரியை நெருங்கும்போது உணவை வெறுக்கும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் நீடித்தால் உயிர் பிழைப்பது அரிது.

செயற்கை ஈ

ஆற்றுக் கற்களின் அடியில் மேஃபிளை, காடிஸ், ஸ்டோன்ஃபிளை முதலிய பூச்சிகளின் இளம் பருவங்கள் வாழ்கின்றன. பல மாதங்கள் நீருக்குள் வளர்ந்த பின்னரே அவை சிறகு பெற்று வெளிவருகின்றன. சிறகு பெற்ற மேஃபிளைக்கு உண்ணும் வாயுறுப்பு செயற்படுவதில்லை. சில மணி நேரமோ சில நாட்களோ மட்டுமே உயிர்வாழ்ந்து, இணைந்து, நீரில் முட்டையிட்டு மடிகிறது. டிரவுட் ஆண்டின் பெரும்பகுதியில் நீரோட்டத்தில் அடித்து வரப்படும் இளம்புழுக்களையே உண்கிறது. சிறகுப் பூச்சிகள் திரளாக வெளிவரும் வேளைகளில் மட்டும் நீர்ப்பரப்பிற்கு எழும்பி அவற்றைப் பற்றுகிறது.

இப்பூச்சிகளைப் போன்று இறகு, மயிர், நூல் ஆகியவற்றை முள்ளின்மீது கட்டிச் செய்வதே செயற்கை ஈ. மேற்பரப்பில் மிதப்பது ஒருவகை. நீருள் மூழ்குவது மற்றொரு வகை. அடியில் உருண்டு வரும் இளம்புழுவை ஒத்தது மூன்றாவது வகை. இந்த ஈ எடையற்றது. ஆதலால் கனமான தூண்டிற்கயிற்றின் வீச்சே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அன்றைய நீரின் நிலையைக் கண்டே எந்த ஈயைக் கட்டுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

இளவேனிலில்

காஷ்மீரில் டிரவுட் பிடிப்புக் காலம் ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகிறது. ஆறு பல 'பீட்'களாகப் பிரிக்கப்பட்டு, அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஏப்ரலில் நீர் மிகவும் குளிர்ந்திருக்கும். மீன்கள் ஓட்டம் தணிந்த மடுக்களின் அடியில் தங்கியிருக்கும். அதிகாலையில் சென்று பயனில்லை. வெயில் ஏறி நீர் ஓரிரு டிகிரி சூடான நண்பகலே ஏற்ற நேரம். இளம்புழுவை ஒத்த ஈயை அடியோடு அடியாக மெதுவாக வரவிட வேண்டும். குளிரால் சோர்ந்த மீன் தொலைவிலுள்ள இரையைத் தேடி ஓடாது. அதன் வாயருகே இரை வர வேண்டும்.

பனியுருகும் காலத்தில்

மே மாத இறுதியிலிருந்து உயர்ந்த சரிவுகளின் பனி விரைவாக உருகத் தொடங்குகிறது. இக்காலத்தில் ஆறு ஒரே நாளில் இருவேறு தோற்றங்களைக் கொள்ளும். இரவின் குளிரில் உருகுதல் குறைவதால் காலையில் நீர் தாழ்ந்து தெளிந்திருக்கும். பகல் வெயிலில் உருகிய நீர் பள்ளத்தாக்கில் இறங்கி வருவதற்குப் பல மணி நேரம் ஆவதால், மாலையிலோ இரவிலோ ஆறு உயரும். பனியாறு பாறையை அரைத்து உண்டாக்கிய நுண்துகள்களால் நீர் பால்போல் வெளுத்துக் காணப்படும்.

காலைத் தெளிநீரில் கற்களின் பின்புறத்தில், வேகநீரும் மெதுநீரும் சந்திக்கும் எல்லையில் மீன் காத்திருக்கும். அங்கே மீன் சிறிதளவு முயற்சியுடன் நின்று, அருகில் விரையும் ஓட்டம் கொண்டுவரும் உணவைப் பெறுகிறது. நீர் உயர்ந்தபின் நடு ஆற்றின் வேகத்தைத் தாங்கமாட்டாமல் கரையோரத்திற்கு ஒதுங்குகிறது. முழங்கால் அளவு நீரிலும் அப்போது பெரிய மீன் இருக்கக்கூடும். எனவே கரையிலிருந்து விலகி நின்றே, சற்றுப் பெரியதும் கருநிறமுள்ளதுமான ஈயைக் கரையை ஒட்டி விடுதல் நன்று.

இக்காலத்தில் உயிருக்கு அபாயமும் உண்டு. காலையில் எளிதாகக் கடந்து சென்ற துறையை மாலையில் கடக்க இயலாமற் போகும். ஆற்றில் இறங்குமுன் நீரோரத்தில் ஒரு குச்சியை நட்டு, நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறி நனைந்தாலும், சருகும் சுள்ளியும் நுரையும் மிகுதியாக மிதந்து வந்தாலும் உடனே கரையேறிவிடுவது கட்டாயம்.

மழைக்குப் பின்

மழையினால் வரும் கலங்கல் வேறு வகையினது. அது மண் நிறம் உடையது. முழங்கால் ஆழ நீரில் நிற்பவருக்குத் தம் பாதம் தெரியாவிட்டால் ஈத்தூண்டிலால் பயன் சிறிதே. டிரவுட் முக்கியமாகக் கண்ணால் இரை தேடுவது. கலங்கல் நீரில் உடலின் பக்கக்கோட்டு உணர்வினால் அதிர்வுகளை அறிந்து ஓரளவு சமாளிக்கிறது. வெள்ளம் வடிந்து, நீர் தாழ்ந்து, மண்நிறம் மாறித் தெளியத் தொடங்கும் வேளையே சிறந்தது. இரண்டொரு நாள் நன்கு உண்ணாதிருந்த மீன்கள் அப்போது ஆவலுடன் இரை கொள்ளும்.

பெருவெள்ளமோ ஆற்றின் படுகையையே மாற்றிவிடும். 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜீலம் பள்ளத்தாக்கில் நேர்ந்த வெள்ளமும், 2023-ஆம் ஆண்டு ஜூலையில் பியாஸ் ஆற்றில் நேர்ந்த வெள்ளமும் இதற்குச் சான்றுகள். அத்தகைய ஆண்டுகளில் பழைய மடுக்கள் தூர்ந்து புதியவை தோன்றுகின்றன. முந்தைய ஆண்டின் அனுபவத்தை மட்டும் நம்பிச் செல்பவர் ஏமாற்றமடைவர்.

தெளிந்த செப்டம்பர்

செப்டம்பரில் பனிநீர் குறைந்து ஆறு கண்ணாடிபோல் தெளிகிறது. மீனைக் காண்பது எளிது. மீனும் மனிதனை எளிதில் கண்டுகொள்கிறது. ஒளி விலகலின் காரணமாக, நீருள் இருக்கும் மீன் மேலுலகம் முழுவதையும் தன் தலைக்கு மேலுள்ள ஒரு வட்டத்தின் வழியாகவே காண்கிறது. அந்த வட்டத்தின் விட்டம் மீன் இருக்கும் ஆழத்தைப்போல் இரண்டே கால் மடங்கு. தாழ்ந்து குனிந்திருக்கும் பொருள் அவ்வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெளிவற்றுத் தோன்றும். மேலும், டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்பது. ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து, குனிந்து, நிழல் நீரில் விழாதபடி நெருங்கி, மெல்லிய இழையில் சிறிய ஈயைக் கட்டி வீசுதல் வேண்டும். அந்தி வேளையில் பூச்சிகள் மிகுதியாக நீரோட்டத்தில் மிதந்து வருவதால், அப்போது மீன் அச்சம் குறைந்து உண்ணும்.

இதற்குப் பின் பிடிப்பு நிறுத்தப்படுவதற்குத் தக்க காரணம் உண்டு. பழுப்பு டிரவுட் கூழாங்கற்களை வாலால் கிளறிக் குழி செய்து முட்டையிட்டு மூடுகிறது. நீர் 10 டிகிரியில் இருந்தால் முட்டை பொரிக்க ஏறத்தாழ 40 நாட்களும், 5 டிகிரியில் 80 நாட்களுக்கு மேலும் ஆகும். அத்தனை நாட்களும் கற்களின் இடுக்குகள் வழியே தூயநீர் பாய்ந்துகொண்டிருக்க வேண்டும். அப்படுகையில் நடப்பவர் முட்டைகளை மிதித்து அழிக்கிறார். கரையிலும் படுகையிலும் மணலும் கல்லும் அள்ளுவதால் கிளம்பும் வண்டல், இடுக்குகளை அடைத்து முட்டைகளை மூச்சுத் திணறச் செய்கிறது.

தூண்டிலை நிறுத்த வேண்டிய நேரம்

பனி குறைந்த ஆண்டுகளில் ஆற்றின் நிலை வேறாகிறது. கொலஹாய் பனியாறு பல்லாண்டுகளாகப் பின்வாங்கி வருகிறது. மழையும் பனியும் பொய்த்ததால் 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அனந்தநாக் மாவட்டத்தின் புகழ்பெற்ற அச்சபல் ஊற்று வற்றியது. நீர் குறைந்தால், எஞ்சிய நீர் வெயிலில் விரைவாகச் சூடேறும். பள்ளத்தாக்கின் தாழ்ந்த பகுதிகளிலும் சிற்றோடைகளிலும் இவ்விளைவு முதலில் தென்படும்.

சூடேறிய நீரில் தூண்டிலில் அகப்பட்டுப் போராடிய மீன், முள்ளை நீக்கி விடப்பட்டாலும் பல சமயங்களில் பிழைப்பதில்லை. கண்முன் நீந்திச் சென்ற மீன் சில மணி நேரங்கழித்து மறைவில் இறந்துபோகலாம். எனவே நீர் 18 டிகிரியைத் தாண்டினால் விடியற்காலையில் மட்டும் பிடிப்பதும், 20 டிகிரியை எட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிடுவதும் முறையாகும். மற்ற நாட்களிலும் விடப்படும் மீனை உலர்ந்த கையால் தொடலாகாது. உடலின் வழவழப்பான பூச்சு கெட்டு நோய் பற்றும். எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைப் பயன்படுத்தி, கையை நனைத்து, மீனை நீருக்குள்ளேயே வைத்து விடுவித்து, தலை நீரோட்டத்தை நோக்கும்படி பிடித்திருந்து, அது தானாக நீந்திச் செல்ல விட வேண்டும்.

பணியாளர்களும் ஆசிரியர்களும்

வெளிப்பணியாளர்கள் தத்தம் பீட்டில் ஒரே இடத்தில், நாள்தோறும் காலையிலும் பிற்பகலிலும் நீரின் வெப்பநிலை, மட்டம், நிறம் ஆகிய மூன்றையும் குறித்து வருதல் வேண்டும். ஒரு வெப்பமானியும் அளவு குறித்த ஒரு கம்பமும் இதற்குப் போதும். பிடிபட்ட மீனின் வகை, நீளம், பிடித்த நேரம் ஆகியவற்றையும் அதே ஏட்டில் எழுதினால், எந்நிலையில் பிடிப்பை நிறுத்த வேண்டும் என்பதை ஊகத்தால் அன்றிச் சான்றால் முடிவு செய்யலாம். சைசோதொராக்ஸ் இனத்தைச் சேர்ந்த உள்நாட்டு மீன்களையும் தனியே குறிப்பது அவசியம். டிரவுட் வந்தேறிய மீனாதலால், அதன் பெருக்கம் உள்நாட்டு மீன்களுக்கு இடையூறு செய்கிறதா என்பதும் கண்காணிக்கப்பட வேண்டியதே.

ஆசிரியர்கள் இச்செய்திகளை வகுப்பறையில் எளிதாக விளக்கலாம். குளிர்ந்த நீருள்ள கண்ணாடிக் குவளையைச் சற்றே சூடாக்கினால், கரைந்திருந்த காற்று சிறு குமிழிகளாக ஒட்டிக்கொள்வதை மாணவர் காண்பர். கிண்ணத்தின் அடியில் வைத்த காசு கண்ணுக்கு மறையும்படி விலகி நின்று, பிறகு நீரை ஊற்றினால் காசு மீண்டும் தோன்றும். மீன் மனிதனைக் காணும் முறை அதனால் விளங்கும். அருகில் ஓடை இருப்பின், கரையோரக் கல் ஒன்றைப் புரட்டி அதன் அடியிலுள்ள புழுக்களை எண்ணிவிட்டு, கல்லை முன்போலவே வைக்கச் செய்யலாம்.

நீலகிரியில் பணிபுரிவோர் ஒரு வேறுபாட்டை நினைவிற்கொள்ள வேண்டும். அங்குள்ள ஓடைகளுக்குப் பனியாறு இல்லை; தென்மேற்குப் பருவமழையே ஆதாரம். மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் நீர் குறைந்து சூடேறுவதே அங்கு முதன்மையான இடர். எனவே லிடரில் கோடையின் பிற்பகுதியில் வேண்டிய விழிப்பு, அவலாஞ்சி ஓடைகளில் மார்ச் முதல் மே வரை வேண்டும். அம்மாதங்களில் பிற்பகல் வெப்பநிலையை ஒரு நாளும் தவறாமல் அளந்து பதிவு செய்தல் நலம்.