மலைவழி – 14: பனிக்குக் கீழே இருக்கும் சரிவு

சென்ற வாரம் சிலிகுரியில் நின்றிருந்தோம். இனி டார்ஜிலிங்குக்கு ஏற்றம்தான். சுக்னா வரை சமவெளி, அதைத் தாண்டியதும் சால மரக் காடு. பிறகு திந்தாரியா, குர்சியாங், சோனாதா, கூம் என்று ஒவ்வோர் ஊராகக் குளிர் கூடிக்கொண்டே போகிறது. ஜீப்பில் போனாலும் வழி முழுக்க ரயில் பாதை கூடவே வருகிறது. வெறும் இரண்டடி அகலம். சாலையின் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்டவாளம் திடீரென்று குறுக்கே வெட்டி அந்தப் பக்கம் போகும். கடைத்தெரு வந்தால் காய்கறிக் கூடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு முழம் கூட இருக்காது.

நீலகிரி ரயிலில் போனவர்களுக்கு இந்தப் பாதை ஒரு வியப்பைத் தரும். நம் மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவே பதித்த பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. மலை செங்குத்தாகும் இடத்தில் பாதை ஒரு வட்டம் அடித்துத் தன் மேலேயே ஏறிவிடுகிறது. வட்டம் போடவும் இடமில்லாத இடத்தில் வண்டி முன்னே போய் நின்று, பின்புறமாக ஒரு படி ஏறி, மறுபடி முன்னே கிளம்புகிறது. ஃபிராங்க்ளின் பிரஸ்டேஜ் என்பவரின் முயற்சியில் 1879இல் வேலை தொடங்கி, 1881 ஜூலையில் டார்ஜிலிங் வரை ரயில் போய்விட்டது. யுனெஸ்கோ இதை 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நீலகிரி ரயில் 2005இல் அதே பட்டியலில் சேர்ந்தது. 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூம்தான் பாதையின் உச்சி. அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு இறங்க வேண்டும் என்பது முதல் முறை போகிறவர்களுக்குத் தெரியாது.

டார்ஜிலிங் நிற்கும் இந்த முகடு சிக்கிம் அரசருடையதாக இருந்தது. நோயுற்ற வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சியான இடத்தில் தங்கி உடல் தேறுவதற்காக, 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி இதை எழுதி வாங்கியது. பதிலுக்கு 1841 முதல் ஆண்டுக்கு 3,000 ரூபாய், 1846 முதல் 6,000 ரூபாய். 1850இல் அதையும் நிறுத்திவிட்டு, சிக்கிமின் தாழ்நிலப் பகுதியையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. ஊரை நிர்வகிக்க 1839இல் வந்த ஆர்ச்சிபால்ட் கேம்பெல் ஒரு மருத்துவர். அவர் வந்தபோது இங்கே நூறு பேருக்கு மேல் இல்லை. பத்தே ஆண்டுகளில் பத்தாயிரம் பேர் ஆனார்கள். குமாவுனிலிருந்து வந்த சீனத் தேயிலை விதையை 1841இல் தன் வீட்டுத் தோட்டத்தில் அவர் ஊன்றினார். 1850களில் வணிகத் தோட்டங்கள் வந்தன. லெப்சா மக்களின் காட்டை வெட்டிச் சரிவைத் திருத்தக் கிழக்கு நேபாளத்திலிருந்து ராய், லிம்பு, தமாங் குடும்பங்கள் மலை தாண்டி வந்தன. இன்று தோட்டத்தில் நிற்பவர்கள் அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகள்.

பனிமலையைப் பார்க்க எல்லோரும் டைகர் ஹில்லுக்குத்தான் போகச் சொல்வார்கள். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, ஜீப் வரிசையில் நின்று, ஆயிரம் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்க்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் எவரெஸ்டின் நுனி தெரியும் என்பது உண்மைதான். ஆனாலும் நான் சொல்வது வேறு. ஊர்ச் சதுக்கமான சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிப் போகும் நடைபாதையில் விடியற்காலை நடந்து பாருங்கள். மேலே மகாகால் கோயில். புரோகிதரும் லாமாவும் ஒரே சன்னிதியில் வழிபாடு நடத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் காலை நடைக்கு வருவதும் இந்தப் பாதையில்தான். வடக்கே திரும்பும் வளைவில் காஞ்சன்ஜங்கா முழுதாக நிற்கிறது. உயரம் 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது. நாம் நிற்பது ஏறத்தாழ 2,000 மீட்டரில். மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டரும் ஒரே பார்வையில் எழும்புகிறது. முதல் வெளிச்சம் பட்டதும் உச்சியில் மட்டும் ஒரு சிவப்பு தோன்றி, மெல்லக் கீழே வழிந்து, பிறகு வெளுக்கிறது. 1955 மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் முதன்முதலில் அங்கே ஏறினார்கள். சிக்கிம் அரசருக்குக் கொடுத்த வாக்குக்காக உச்சியை மிதிக்காமல் சில அடி கீழேயே நின்று திரும்பினார்கள். மலையேற்ற வரலாற்றில் என்னை இதைவிட நெகிழ வைத்த செய்தி இல்லை.

இந்தக் காட்சியில் ஒரு சங்கடமும் இருக்கிறது. ஊர் முகட்டில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்கள் அதற்குக் கீழே, சரிவில். மேலே நிற்பவரின் கண் நேரே பனிக்குப் போய்விடுகிறது. நடுவில் கிடக்கும் பச்சை அழகாகத் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. அதனால் மறுநாள் கீழே இறங்கினேன்.

முதலில் தொழிற்சாலை. உள்ளே நுழைந்ததுமே பச்சை ஆப்பிள் நறுக்கினாற்போல ஒரு வாசம். காலையில் பறித்த கொழுந்தைக் கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, இரவு முழுக்க வாட்டுகிறார்கள். பிறகு உருட்டு இயந்திரம். நம் ஊர்த் தேயிலை பெரும்பாலும் சிடிசி முறையில் நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கப்படுவது. இங்கே இலையை முறுக்குவதோடு சரி. முறுக்கியதைக் குளிர்ந்த அறையில் பரப்பிவைக்கிறார்கள். நொதித்தல் என்று சொன்னாலும் நடப்பது இலைச்சாறு காற்றோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான். எப்போது நிறுத்துவது என்பதை அங்கிருந்த மேற்பார்வையாளர் மூக்கால் முடிவு செய்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார், தலையசைத்தார், உடனே உலர்த்தியில் ஏற்றினார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகிறது.

மார்ச்சில் வரும் முதல் கொழுந்து வெளிர் பொன்னிறம், பூ மணம். மே, ஜூனில் வரும் இரண்டாம் கொழுந்துக்குத்தான் மஸ்கடெல் என்று பெயர் பெற்ற திராட்சை மணம் உண்டு. அந்த மணத்துக்குக் காரணம் ஒரு பூச்சி. அந்தப் பருவத்தில் சின்னஞ்சிறு பச்சைத் தத்துப்பூச்சிகள் இளங்கொழுந்தைக் கடித்துச் சாறு உறிஞ்சுகின்றன. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. கடிபட்ட கொழுந்து சுருங்கி, விளிம்பு பழுத்துப்போய்த் தெரியும். மற்ற பயிர்களில் நோயென்று ஒதுக்கும் இலை அது. இங்கே அதற்குத்தான் அதிக விலை. மருந்தடித்துப் பூச்சியை ஒழித்தால் மணமும் போய்விடும்.

இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் டார்ஜிலிங் தேயிலைதான். குறியீட்டுக்குள் வரும் தோட்டங்கள் 87. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஒரு கோடி கிலோவுக்கு மேல் விளைந்த இடத்தில் இப்போது 60 லட்சம் கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது. செடிகளில் பலவும் நூறு வயதைத் தாண்டியவை. குளிர்கால மழை பொய்த்துப்போகிறது. 2017இல் தனி மாநிலம் கேட்டு நடந்த 104 நாள் கடையடைப்பில் அந்த ஆண்டின் இரண்டாம் கொழுந்து செடியிலேயே முற்றிப்போனது. போன வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பவில்லை. இன்னொரு காரணம், கொழுந்தெடுக்க ஆள் குறைகிறது. அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

தொழிற்சாலைக்குக் கீழே ஒற்றையடிப் பாதை. என்னுடன் வந்த ஓட்டுநர் இந்தப் பக்கத்துக்காரர். சரிவில் பெண்கள் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் டோகோ என்னும் மூங்கில் கூடை. அதன் பாரம் முழுவதும் நெற்றியில் மாட்டிய நாம்லோ பட்டையில் தொங்குகிறது. நின்று பேச ஒத்துக்கொண்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் நேபாளியில் சொன்னதை ஓட்டுநர் இந்தியில் சொன்னார்.

“தீதி, வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?” என்றேன்.

“நானும் அவரும்தான். பையன் பெங்களூர்ல ஓட்டல் வேலை. பொண்ணு டெல்லியில.”

“நீங்களும் அங்கேயே போயிடலாமே?”

“நான் போனா வீடு போயிடும்ல.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. ஓட்டுநர்தான் சொன்னார். தோட்டங்கள் நிற்பது அரசு நிலம். கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. தொழிலாளி குடியிருக்கும் வீடும் அந்தக் குத்தகைக்குள் அடக்கம். வீட்டில் ஒருவராவது தோட்டப் பதிவேட்டில் இருந்தால்தான் குடியிருக்கலாம். 2023இல் நாள் கூலி 250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தக் கூலிக்காக இந்த வயதில் யாரும் நெற்றியில் கூடை சுமப்பதில்லை. பாட்டன் காலத்து வீட்டைக் காப்பாற்றச் சுமக்கிறார்கள்.

முன்பு இந்த நிலை இன்னும் கொடியதாக இருந்தது. நிர்வாகத்துக்குப் பிடிக்காதவரைக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு விரட்டுவார்கள். ‘ஹட்டாபாஹார்’ என்று அதற்குப் பெயர். அதை ஒழிக்கவும் கூலி உயர்வு, பேறுகால உதவி கேட்டும் 1955 ஜூனில் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஜூன் 25 அன்று மார்கரெட்ஸ் ஹோப் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். காஞ்சன்ஜங்காவில் முதல் மனிதர்கள் ஏறி சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. மலையேறியவர்களின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. இந்த ஆறு பேரைப் பற்றி எந்தச் சுற்றுலாக்காரரிடமும் யாரும் சொல்வதில்லை. சொல்லப்பட வேண்டும் என்று நினைக்கிறேன்.

2023இல் மாநில அரசு தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பட்டா தருவதாக அறிவித்தது. அளவு ஐந்து டெசிமல். நம் கணக்கில் ஐந்து சென்ட். மலையில் எதிர்ப்பு எழுந்தது. தலைமுறைகளாகக் கையில் இருக்கும் நிலம் முழுவதற்கும் பட்டா வேண்டும் என்கிறார்கள். அந்த அம்மாவிடமும் கேட்டேன். கூடையை இறக்காமலே கைநீட்டித் தன் வீட்டைக் காட்டினார். தகரக் கூரை, பக்கத்தில் மாட்டுக் கொட்டில், சரிவு முழுக்கப் படர்ந்த சௌசௌக் கொடி.

“அஞ்சு சென்ட்ல வீடு நிக்கும். மாடு எங்க நிக்கும்? அந்தக் கொடி போட்ட இடத்தை எங்க மாமனார் கல்லு பொறுக்கித் திருத்தினாரு. அதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கட்டும், வாங்கிக்கிறேன்.”

(தொடரும்)