வக்கீல் படிச்சவங்க பாட்காஸ்ட்டுக்குப் போகலாமா?

சிவகங்கை மாவட்டம் கல்லல்ல இருந்து பேசுறேன். 2022-ல காரைக்குடிக்கு அரசு சட்டக் கல்லூரி வந்தது. நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு வக்கீல் படிப்பு வீட்டுக்குப் பக்கத்துலயே வந்திருச்சு. அந்தப் பிள்ளைங்க கையிலதான் போனும் மைக்கும் இருக்கு. "கோர்ட்டுக்குப் போறதை விட தன்னம்பிக்கை பாட்காஸ்ட் பண்ணலாமே"ங்கிற ஆசை வர்றது இயல்பு. பண்ணலாம். ஆனா எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம் செய்யணும்னு ஒரு வரிசை இருக்கு. இந்த வீடியோ அதைப் பத்தித்தான்.

இந்தத் தன்னம்பிக்கைப் பேச்சுத் துறையில இன்னைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர், அமெரிக்காவைச் சேர்ந்த மெல் ராபின்ஸ். பாஸ்டன் காலேஜ்ல சட்டம் படிச்சு 1994-ல முடிச்சாங்க. அப்புறம் நியூயார்க்ல, வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்களுக்காக லீகல் எய்ட்ல கிரிமினல் கேஸ் நடத்தினாங்க. பிறகு சிஎன்என்ல சட்ட விமர்சகர்.

நடுவுல ஒரு பெரிய அடி. 2008 வாக்குல கணவரோட ஹோட்டல் தொழில் நொடிச்சுப் போயி, குடும்பத்துக்கு 8 லட்சம் டாலர் கடன். காலையில படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனசு வராத நிலைமை. அப்பத்தான் ராக்கெட் விடுற மாதிரி 5, 4, 3, 2, 1-னு எண்ணி, உடனே எழுந்திருக்கப் பழகினாங்க. 2011-ல சான் பிரான்சிஸ்கோவுல நடந்த டெட்எக்ஸ் மேடையில பேசினாங்க. அந்தப் பேச்சு கோடிக்கணக்கான பேரைச் சேர்ந்துச்சு. 2017-ல அப்படி எண்ணுற 'அஞ்சு விநாடி விதி'யைப் பத்தின புத்தகம். 2022 அக்டோபர்லதான் சொந்த பாட்காஸ்ட்.

வருஷங்களைக் கவனிங்க. சட்டம் முடிச்சதுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் நடுவுல 28 வருஷம்.

நம்ம தமிழ்நாட்டுலயும் சட்டம் படிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தவர் இருக்கார். சுகி சிவம். அப்பா சுகி சுப்பிரமணியன் எழுத்தாளர், வானொலிக்காரர். சன் டிவியில காலை நேரத்துல வந்த 'இந்த நாள் இனிய நாள்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டு போச்சு. இப்ப யூடியூப்ல பேசுறார். அவர் பேச்சைக் கவனிச்சுக் கேளுங்க. ஒரு கேள்வியை எடுப்பார், எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு அவரே சொல்லுவார், உதாரணம் காட்டுவார், கடைசியில தன் முடிவைச் சொல்லுவார். ஒரு வழக்கை வாதாடுற முறை அது.

சட்டப் படிப்பு ஒரு பேச்சாளருக்குக் கொடுக்கிறது இதைத்தான். கட்சிக்காரர் அழுதுகிட்டே சொல்ற பத்து விஷயத்துல எது முக்கியம்னு பிரிக்கத் தெரியும். ஆதாரம் இல்லாமப் பேசக் கூச்சம் வரும். சொத்துத் தகராறு, ஜீவனாம்சம், செக் கேஸ்னு மனுஷனோட கஷ்டத்தை நேர்ல பார்த்திருப்பீங்க. அது இல்லாம மைக் முன்னாடி உட்கார்ந்தா, அடுத்தவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்ல வேண்டி வரும்.

சரி, வக்கீலா இருந்துகிட்டே பாட்காஸ்ட் பண்ண அனுமதி உண்டா? உண்டு. இந்திய பார் கவுன்சில் விதி 51, ஒலிபரப்பு, பத்திரிகை, சொற்பொழிவு, பாடம் நடத்துறது எல்லாத்தையும் வக்கீலுக்கு அனுமதிக்குது. சட்டம் சம்பந்தமில்லாத விஷயமா இருந்தாலும் சரி. ஆனா ரெண்டு நிபந்தனை. அது முழுநேரச் சம்பள வேலையா இருக்கக் கூடாது. கேஸ் பிடிக்கிற விளம்பரமா இருக்கக் கூடாது. விதி 36 அதைத் தடுக்குது. "என்கிட்ட வாங்க, ஜெயிச்சுத் தர்றேன்"னு வீடியோ போட்டா ஒழுங்கு நடவடிக்கை வரும்.

கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. 5, 4, 3, 2, 1 நம்மளைப் படுக்கையை விட்டு எழுப்பும். கடனை அடைக்கிறது அதுக்கப்புறம் பார்க்கிற வேலை. கணவர் அடிக்கிறாரா, கூலி தராம இழுத்தடிக்கிறாங்களா, பங்கு தர மறுக்கிறாங்களா? அப்ப உங்க மனசுல குறை இல்லை, உங்க உரிமையிலதான் கை வச்சிருக்காங்க. அதுக்குத் தேவை வக்கீல். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தோட 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைங்க, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காம வக்கீல் இலவசம். மெல் ராபின்ஸ் நியூயார்க்ல செஞ்ச அதே மாதிரி வேலையை நம்ம மாவட்டத்துல செய்யுறது சிவகங்கை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு.

அதனால சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கு என் வேண்டுகோள்: முதல்ல சில வருஷம் சட்ட உதவி கேஸ் நடத்துங்க. அப்புறம் மைக் பிடிங்க. உங்க பேச்சை நாங்க நம்புவோம். கேட்டுக்கிட்டு இருக்கிற எல்லாரும் 15100-ங்கிற எண்ணைப் போன்ல பதிஞ்சு வைங்க. அது தேசிய சட்ட உதவி எண். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்க.