நாற்றை வளர்க்காமல் நிறுத்தி வைப்பது

போன வருஷம் ஆடி 5-ஆம் தேதி குழித்தட்டில் விதை போட்டேன். பதினேழாம் நாள் காலையில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு, கனம் தூக்கக் கூடாது, கட்டு நனையக் கூடாது, மண் படக் கூடாது. டாக்டர் சொல்லச் சொல்ல நான் மனசுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். தக்காளி நாற்றை 25, 30 நாளில் பிடுங்கி நட வேண்டும். கத்தரிக்கு 30, 35. மிளகாய்க்கு 40 வரை போகலாம். கட்டு பிரிக்கும்போது என் நாற்றுக்கு வயசு 59 ஆகியிருக்கும்.

மற்ற விதை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். கத்தரி மட்டும் அம்மா வில்லியனூர் வீட்டில் வருஷா வருஷம் எடுத்து வைத்த விதை. அம்மா போன பிறகு மிச்சம் இருந்தது ஒரு மருந்து டப்பாவில் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம்தான். பழைய விதை, எத்தனை முளைக்குமோ என்று பயந்து மொத்தத்தையும் போட்டுவிட்டேன். அது பெரிய முட்டாள்தனம் என்று விழுந்த பிறகுதான் உறைத்தது. 98 குழியில் 40 கத்தரி, 30 தக்காளி, 28 மிளகாய் போட்டிருந்தேன். முளைத்து நின்றவை கத்தரி 34, தக்காளி 28, மிளகாய் 21.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். எதிர்வீட்டு அக்கா தானாகவே முன்வந்து, "தினம் நான் தண்ணி ஊத்திக்கிறேன், நீங்க படுங்க" என்றார். உண்மையிலேயே தினமும் ஊற்றினார். காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை, சில நாள் மத்தியானம் "பாவம் வெயிலா இருக்கே" என்று இன்னொரு முறை. ஆறாம் நாள் நான் மெதுவாக ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒன்பது தக்காளியும் ஆறு கத்தரியும் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு சுருங்கி, வெந்நீர் பட்ட மாதிரி சாய்ந்து கிடந்தன. இதுதான் நாற்றழுகல். பித்தியம் மாதிரியான, பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் செய்கிற வேலை. அதற்கு வேண்டியது எப்போதும் ஈரமான மேல்மண், அசையாத காற்று, நெருக்கமான நாற்று. மூன்றையும் நாங்கள் கொடுத்திருந்தோம்.

அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் "தண்ணி பார்த்துக்கோங்க" என்று மொட்டையாகச் சொன்னேன். நாம் இல்லாத வீட்டில் நாற்று காய்ந்து சாவதைவிட, பார்த்துக்கொள்ள வந்தவர் அன்பில் அழுகிச் சாவதுதான் அதிகம் என்பது என் அனுபவம். அதிலும் தேங்காய் நார்க்கழிவில் போட்டிருந்தால் கண்ணை நம்பவே முடியாது. மேலே வெளிறிக் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். அதனால் அன்றைக்கு விதியை மாற்றினோம். "தட்டைத் தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா ஊத்தாதீங்க. லேசா இருந்தா அகலமான தாம்பாளத்துல ரெண்டு விரல் தண்ணி வெச்சு, அதுல தட்டைப் பத்து நிமிஷம் உட்கார வெச்சு எடுத்துடுங்க." தண்ணீர் கீழ்த்துளை வழியாக ஏறும், மேல்மண் அவ்வளவாக நனையாது. சாய்ந்த நாற்றுகளை அப்புறப்படுத்தினோம். அதற்குப் பிறகு அழுகல் பரவவில்லை.

ஒரு கையோடு வேறென்ன செய்வது, படித்துக்கொண்டிருந்தேன். கவனிக்க ஆள் இல்லாமல் செடியை எப்படி உயிரோடு வைப்பது என்ற கேள்வியை நம் ஊரோடு தொடர்புள்ள ஒருவர் வேறு விதத்தில் சந்தித்திருக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற தாவரவியல் பூங்கா 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. அதில் பிற்பாடு பல வருஷம் வேலை செய்தவர் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே. பிறப்பால் சுவிஸ்காரர், 1870-இல் புதுச்சேரியிலேயே இறந்தார். இங்கே வருவதற்கு முன்பு, 1819 முதல் 1821 வரை, அவர் ஒரு பிரெஞ்சுக் கப்பலில் தோட்டக்காரர். ஜாவா, பிலிப்பைன்ஸ் பக்கம் இருந்து உயிருள்ள செடிகளை ரெயூனியன் தீவுக்கும், அங்கிருந்து தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவுக்கும் கொண்டுபோனார்கள். நல்ல தண்ணீர் அளந்து கொடுக்கப்படும் இடம் கப்பல். மேல்தளத்தில் வெளிச்சம் உண்டு, ஆனால் உப்புச்சாரல். உள்ளே வைத்தால் உப்பு இல்லை, வெளிச்சமும் இல்லை. மாதக்கணக்கில் போகிற பயணத்தில் செடி வளர்ந்து காட்ட வேண்டியதில்லை, சாகாமல் இருந்தால் போதும். இதைப் படித்தபோதுதான் என் தப்பு புரிந்தது. நானும் அக்காவும் நாற்றை வளர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது நிறுத்தி வைப்பது.

கப்பல்காரர்களுக்கு விடை பின்னால் கிடைத்தது. 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் ஈரமண்ணில் ஒரு கூட்டுப்புழுவை வைத்திருந்தார். அதில் தானாக ஒரு பெரணியும் புல்லும் முளைத்து, தண்ணீர் ஊற்றாமலேயே வளர்ந்தன. ஆவியான நீர் கண்ணாடியில் பட்டு மறுபடி மண்ணுக்கே வந்துவிட்டது. 1833-இல் அதே மாதிரி கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை சிட்னிக்கு அனுப்பினார், பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. இதைப் படித்துவிட்டு யாரும் மாடியில் நாற்றுத்தட்டைப் பாலிதீன் போட்டு மூடிவிடாதீர்கள். ஆவணி வெயிலில் மத்தியானத்துக்குள் வெந்துவிடும்.

நான் செய்தது இதைவிட எளிது. பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து ஒரு பலகை மேல் விரித்தோம். அதன் ஒரு முனை கீழே இருக்கும் வாளித் தண்ணீரில் தொங்கும். தட்டு அந்த ஈரத்துணி மேல் உட்கார்ந்திருக்கும். விளக்குத் திரி எண்ணெய் இழுக்கிற மாதிரிதான். வாளி பலகைக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக ஏறும், தாழ்த்தினால் மெதுவாக ஏறும், ஆக வாளியின் உயரம்தான் நம் குழாய். ரெண்டு நாளைக்கு ஒரு முறை துணி முனையை வாளியிலிருந்து எடுத்து வெளியே போட்டு, தட்டைக் கொஞ்சம் காயவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி அழுகல். வாளிக்கு ஓட்டை போட்ட மூடி அவசியம், டெங்கு கொசுவுக்கு அது சத்திரம். இன்னொரு தொல்லை உப்பு. நம் ஊரில் கடல் ஓரத்துப் போர் தண்ணீர் உப்பு கரிக்கும். அடியிலிருந்து ஏறுகிற தண்ணீர் ஆவியாகும்போது உப்பை மேலேயே விட்டுவிடும். பத்தே நாளில் மண் மேல் வெள்ளை பூத்தது. வாரம் ஒரு தரம் நல்ல தண்ணீரை மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவி, முழுக்க வடியவிட்டோம்.

தண்ணீர் குறைவு, உரம் கிடையாது. அக்கா மீன் அமிலம் கொண்டுவந்தார், வேண்டாம் என்று சொன்னதில் அவருக்கு வருத்தம். தழைச்சத்து கொடுத்தால் நாற்று கிடுகிடுவென்று போகும், அந்த வேகம்தான் நமக்கு ஆகாது. அடி இலை மஞ்சளாகத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு முறை, ரொம்ப நீர்க்கக் கலந்து கொடுத்தோம். வெளிச்சத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. "தண்ணி குறைவா வேணும்னா நிழல்ல வெச்சிடலாமே" என்று எல்லாருக்கும் தோன்றும். நிழலில் நாலு நாள் வைத்தால் நாற்று நூல் மாதிரி நீண்டுவிடும். காலை வெயில் முழுசாகவும், பதினொரு மணிக்கு மேல் நிழல்வலையும் கொடுத்தோம்.

எனக்கென்று ஒரு வேலையும் கிடைத்தது. செடியை அடிக்கடி தொட்டால் தண்டு குட்டையாகவும் தடியாகவும் ஆகும். காற்றில் ஆடுகிற செடிக்கும் இதேதான். 1973-இல் மார்க் ஜாஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு நீளமான கிரேக்கப் பெயர் வைத்தார். இலை காய்ந்திருக்கும் நேரம் பார்த்து, இடது கையில் தினத்தந்தியைச் சுருட்டிப் பிடித்து, நாற்றுகளின் தலையை லேசாகத் தடவிக்கொடுத்தேன். தினம் ரெண்டு வேளை, வேளைக்குப் பத்து தடவல். எதிர்வீட்டு அக்கா இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் நிறுத்தி வைக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகக் கப்பில் போட்டிருந்த புடலை, பீர்க்கை, வெண்டையை முதல் வாரமே கைவிட்டேன். அவற்றின் வேரைத் தடுத்தால் பிறகு தேறுவது கஷ்டம், கை சரியானதும் நேராகத் தொட்டியில் விதைத்தால் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். தக்காளிதான் அவசரக்காரன். ஐந்து வாரத்துக்கு மேல் சின்னக் குழியில் கிடந்தால் அங்கேயே பூ எடுக்கத் தொடங்கிவிடும், பிறகு நட்டாலும் காய்ப்பு சுமார்தான். ஆகவே 34-ஆம் நாள் அக்காவின் மகளுக்குச் சாயந்திரம் ரெண்டு மணி நேரம் வேலை வைத்தேன். 19 தக்காளி, 28 கத்தரி, மொத்தம் 47 நாற்று டீக்கடைக் காகிதக் கப்புக்கு மாறின. அடியில் துளை போட்டுத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து "தண்டைப் பிடிக்காதம்மா, இலையைப் பிடி" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். இலை போனால் வேறு இலை வரும், தண்டு நசுங்கினால் அவ்வளவுதான். மிளகாய்க்குப் பொறுமை அதிகம், தட்டிலேயே விட்டோம்.

கட்டு பிரித்து மூன்றாம் நாள் நட ஆரம்பித்தேன். ஐப்பசி மழைக்கு ஒரு மாதம் இருந்தது, வேர் பிடிக்க அது போதும். தக்காளி பிழைத்தது 16. எல்லாம் கொஞ்சம் நெட்டையாகத்தான் இருந்தன, ஆனால் தக்காளித் தண்டு மண்ணுக்குள் போனால் அங்கேயும் வேர் விடும் என்பதால் பாதித் தண்டு வரை புதைத்து நட்டேன். கத்தரியை அப்படிப் புதைக்கவில்லை. பிழைத்த கத்தரி 25, தண்டு பழுப்பேறி மரம் மாதிரி ஆகியிருந்தது. ரெண்டு வாரம் அசையாமல் நின்று, பிறகு ஒரே மூச்சில் துளிர்விட்டது.

முதல் ரெண்டு செடியில் ஒவ்வொரு காயை பறிக்காமல் விட்டு, மஞ்சளாகப் பழுத்ததும் விதை எடுத்தேன். பாதி மருந்து டப்பாவில் இருக்கிறது, பாதி தங்கச்சி வீட்டில். மிளகாய் நாற்றில் ஆறை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். இப்போதும் தினம் ரெண்டு வேளை ஊற்றுகிறார். பெரிய தொட்டி, நிறைய மணல் கலந்து கொடுத்திருக்கிறேன், செடி தாங்கிக்கொள்கிறது.