பிழை மீண்டு வாராதிருக்க: பைதன் நிரல் நூலகமொன்றை அமைக்கும் முறை



பாடசாலையிற் பயிலும் ஒரு பிள்ளையின் பெயர் சேர்விடாப்பில் எழுதப்படுகின்றது, வரவிடாப்பில் எழுதப்படுகின்றது, தவணைதோறும் புள்ளிப் பட்டியலிலும் தேர்ச்சி அறிக்கையிலும் எழுதப்படுகின்றது. இவை யாவும் ஒரே பிள்ளையைக் குறிப்பன என்பதை ஆசிரியரின் கண் ஐயமின்றி அறியும். கணினியோ அங்ஙனம் அறிவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், எமது பாடசாலையில் ‘கோ’ என்னும் எழுத்தில் தொடங்கும் பெயரையுடைய மாணவி ஒருத்தி, தவணைப் பரீட்சையில் எல்லாப் பாடங்களுக்கும் விடை எழுதியிருந்தும், இரண்டு பாடங்களுக்குச் சமுகமளிக்காதவள் எனக் குறிக்கப்பட்ட அறிக்கையைப் பெற்றாள். அவளுடைய தந்தையார் அதனை என் மேசைமீது வைத்து, “ஐயா, பிழை பிள்ளையிலோ, பள்ளிக்கூடத்திலோ?” என்று வினவினார்.

பட்டியல்களை அருகருகே வைத்து நோக்கினோம். பெயரில் ஓரெழுத்தேனும் வேறுபடவில்லை. பின்னர் எமது தகவல் தொழினுட்ப ஆசிரியர் காரணத்தைக் கண்டறிந்தார். கணினிகள் இன்று எழுத்துக்களைச் சேமிப்பதற்குக் கைக்கொள்ளும் உலகப் பொது முறை யுனிகோட் எனப்படும். தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எனக் கூடிய 247 எழுத்துக்களுக்கும் அம்முறை தனித்தனி இலக்கம் வழங்கவில்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் இலக்கமும், அதன்மீது வரும் குறிக்கு மற்றோர் இலக்கமும் வழங்கியுள்ளது. ஆகவே, ‘கோ’ என்பதை ககரத்தோடு ஓகாரக் குறியைச் சேர்த்து இரண்டு இலக்கங்களாலும் எழுதலாம். ககரம், ஏகாரக் குறி, கால் என மூன்று இலக்கங்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினியின் கணக்கில் அவை வெவ்வேறு சொற்கள். இரண்டு ஆசிரியர்கள் இரண்டு தட்டச்சு முறைகளைக் கையாண்டமையால், அம்மாணவியின் பெயர் இரண்டு பிள்ளைகளின் பெயர்களாயிற்று.

இதற்கு மருந்து உண்டு. இருவகை வடிவங்களையும் ஒரே வடிவத்திற்குக் கொண்டுவரும் வசதி பைதன் என்னும் நிரலாக்க மொழியிலேயே அமைந்துள்ளது. நெதர்லாந்து நாட்டவரான குயிடோ வான் றொசம் இம்மொழியை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாம்பின் பெயர் போல ஒலிப்பினும், பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பெயரிலிருந்தே இப்பெயர் வந்தது. எமது க.பொ.த. உயர்தர மாணவரும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்தில் இதனையே பயிலுகின்றனர். ஆசிரியர் ஒரு வரியைச் சேர்த்தார், அறிக்கை திருந்தியது, தந்தையாரிடம் வருத்தம் தெரிவித்தோம்.

ஆயின் கதை அத்துடன் முடியவில்லை. அச்செய்நிரலை அயற்பாடசாலைகள் சில விரும்பிக் கேட்டுப் பிரதி செய்து கொண்டு போயின. மறு ஆண்டு ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தால் வேறொரு தொல்லை நேர்ந்தது. அதனை ஸகரத்தைக் கொண்டும் எழுதலாம்; 2005ஆம் ஆண்டில் யுனிகோட்டிற் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் எழுதலாம். முன்னைய மருந்து இதற்குப் பலிக்காது, தனிவிதி வேண்டும். ஆசிரியர் அவ்விதியை எழுதுகையில், முன்னர்ச் சேர்த்த வரி தவறுதலாக நீங்கிவிட்டது. எவரும் அதைக் கவனிக்கவில்லை. புதிய பிரதியைப் பெற்ற மற்றொரு பாடசாலையில் இன்னொரு பிள்ளை ‘சமுகமளிக்காதவர்’ ஆயினார். ஒரு முறை திருத்திய பிழை மறுபடியும் வந்து மற்றொரு பிள்ளையைத் தாக்கியதே எம்மை வருத்தியது. இத்தகைய மீள்வரவைத் தடுப்பதற்கு உலகெங்கும் நிரலாக்குநர் கைக்கொள்ளும் ஒழுங்குமுறையையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் நிரல் நூலகம் என்றால் என்ன என்று காண்போம். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் இறுதிவரை செய்து முடிப்பது செய்நிரல். பல செய்நிரல்கள் வேண்டியபோது அழைத்துப் பயன்கொள்ளத்தக்க கருவிகளின் தொகுதி நூலகம். பெயர்களை ஒப்புநோக்குவதும் எழுத்துக்களை எண்ணுவதும் ஆகிய இரண்டு கருவிகளை மாத்திரம் கொண்ட சிறு நூலகமொன்றை அமைப்பதென எமது ஆசிரியரும் உயர்தர மாணவர் சிலரும் தீர்மானித்தனர். தமிழுக்கென ‘ஓப்பன் தமிழ்’ என்னும் பரந்த பைதன் நூலகம் முன்னரே உண்டு. எமது முயற்சி பாடசாலை இடாப்புகளின் தேவைக்கு அமைந்த சிறியதொன்று.

வீடு கட்டுவோர் அறைகளை வகுத்துக் கொள்வதுபோல, இங்கும் கோப்புறைகளை முதலில் வகுத்தல் வேண்டும். மூலநிரலுக்கு ஒரு கோப்புறை. சோதனைகளுக்கு வேறொரு கோப்புறை. பயன்படுத்தும் முறையைக் கூறும் அறிமுகக் கோப்பு ஒன்று. யார் எவ்வாறு பயன்படுத்தலாம் என உரைக்கும் உரிமக் கோப்பு ஒன்று. இவற்றோடு ‘பைபுரொஜெக்ற்’ எனப்படும் அமைவுக் கோப்பு ஒன்றும் வேண்டும். 2016ஆம் ஆண்டின் முன்மொழிவொன்றால் வழக்கிற்கு வந்த இக்கோப்பில், நூலகத்தின் பெயர், பதிப்பிலக்கம், வேண்டப்படும் பைதன் பதிப்பு, சார்ந்து நிற்கும் பிற நூலகங்கள், சோதனைக் கருவிகளின் விதிகள் ஆகியன ஒருங்கே எழுதப்படும். முன்னர்ப் பல கோப்புகளிற் சிதறிக் கிடந்த செய்திகள் இன்று ஓரிடத்தில் அடங்குகின்றன.

அடுத்தது வேலைக்குரிய தனியிடம். ஒரே கணினியிற் பல வேலைகள் நடக்கும்போது, ஒன்றுக்கு வேண்டிய நூலகத்தின் பழைய பதிப்பு மற்றொன்றுக்கு வேண்டிய புதிய பதிப்போடு முரணும். 2012ஆம் ஆண்டில் வெளிவந்த 3.3 ஆம் பதிப்பு முதல், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சூழலை அமைக்கும் வசதி பைதனுடன் சேர்ந்தே வருகின்றது. சமையலறைப் பாத்திரமும் ஆய்வுகூடப் பாத்திரமும் கலவாதிருத்தல் நன்றல்லவா?

மூன்றாவது, மாற்றங்களின் பதிவேடு. பாடசாலையிற் சம்பவத் திரட்டுப் புத்தகம் உண்டு. நிகழ்ந்ததை நாளுடன் எழுதிக் கையொப்பமிடுவோம், எழுதியதைக் கிழிப்பதில்லை. லினஸ் ரோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘கிற்’ என்னும் கருவி, நிரலுக்கு அத்தகைய புத்தகமாகும். எவர், எந்நாளில், எந்த வரியை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதை அது காட்டும். எமது முதல் நிரலுக்கு இப்பதிவேடு இருந்திருப்பின், நீங்கிப்போன அவ்வரியை ஒரு நிமிடத்திற் கண்டிருப்போம். பிரதிகள் ஊரெங்கும் திரிந்தமையால், எது மூலம் எது திருத்தம் என அறிய ஒரு வாரம் சென்றது.

இனி, மனிதர் நினைவூட்டாமலே தாமாக இயங்கும் கருவிகளைப் பற்றிப் பேசுவோம். அவை நான்கு வகையின.

முதல்வகை, எழுத்தழகைப் பேணுவன. பைதன் நிரலை எவ்வாறு எழுதுவது என்பதற்கு 2001ஆம் ஆண்டில் வெளியான எட்டாம் இலக்க முன்மொழிவு வழிகாட்டுகின்றது. ஒவ்வோர் உள்ளடக்கத்திற்கும் நான்கு இடைவெளி விடுக, ஒரு வரி 79 குறிகளுக்கு மேற்படாதிருக்க என்றாற்போன்ற விதிகள் அதில் உள. இவற்றை மனிதர் காவல்காப்பது வீண்வேலை. 2018ஆம் ஆண்டில் தோன்றிய ‘பிளாக்’ என்னும் கருவியும், 2022இல் வந்த ‘றஃப்’ என்னும் கருவியும் கணப்பொழுதில் நிரலை ஒழுங்குபடுத்திவிடும். றஃப் பிழைதேடும் பணியையும் செய்யும். பயனின்றிக் கிடக்கும் பெயர்களையும், வரையறுக்கப்படாது அழைக்கப்படும் பெயர்களையும் சுட்டிக்காட்டும்.

இரண்டாம் வகை, பொருள்வகையைச் சோதிப்பன. எண் வேண்டிய இடத்திற் சொல்லைக் கொடுத்தால் நிரல் இயங்கும்போதுதான் இடறும். 2015ஆம் ஆண்டின் 3.5 ஆம் பதிப்பு முதல், இக்கருவி ஏற்பது சொல், தருவது எண் என்று நிரலிலேயே முறையாகக் குறித்து வைக்கலாம். ‘மைபை’ போன்ற கருவிகள் நிரலை இயக்காமலே அக்குறிப்புகளைப் படித்து முரண்பாட்டைக் கூறும்.

மூன்றாம் வகையே உயிர்நாடி, அது சோதனை. ‘பைரெஸ்ற்’ என்னும் கருவி இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது. சோதனை என்பது விடை தெரிந்த வினா. ‘யாழ்ப்பாணம்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? கணினியை வெறுமனே கேட்டால் 11 என்னும்; அது குறிகளை எண்ணுகின்றது. யா, ழ், ப், பா, ண, ம் என ஆறு என்பதே நாமறிந்த விடை. ‘கொழும்பு’ கணினிக்கு 8 ஆகலாம்; கொகரத்தைப் பிரித்துத் தட்டியிருந்தால் 9 ஆகலாம்; நமக்கு என்றும் 4. சான்றிதழில் ஓரெழுத்துக்கு ஒரு கட்டம் அமைப்போர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று. இவ்வினாக்களை விடையுடன் எழுதி வைத்துவிட்டால், நிரல் மாறும்போதெல்லாம் கருவி அவற்றைக் கேட்டு, பிறழ்ந்தவற்றைச் சொல்லும்.

இங்கு ஒரு நல்விதி உண்டு. ஒரு பிழை அகப்பட்டால், திருத்துவதற்கு முன் அப்பிழையைக் காட்டும் சோதனையை எழுதுக. அது தோற்பதைக் காண்க. பின்னர்த் திருத்துக; அது வெல்வதைக் காண்க. இவ்வாறு செய்யின், பிழையைத் திருத்தியதோடு அது மீண்டு வரும் வாயிலையும் அடைத்தவராவோம்.

நான்காம் வகை, இச்சோதனைகளையெல்லாம் எவரும் மறவாது நடத்தும் ஏற்பாடு. மாற்றத்தைப் பதிவேட்டில் எழுதப் புகும்போதே சிறு கருவிகள் வாயிற்காவலர்போல் நின்று பார்வையிடும். அதன்பின் பொதுக்களஞ்சியத்திற்கு அனுப்பப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், தொலைவிலுள்ள கணினி புதிதாக எடுத்து, நூலகத்தை நிறுவி, எல்லாச் சோதனைகளையும் நடத்தும். கிற்ஹப் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் எல்லோர்க்கும் திறந்துவிட்ட ‘அக்சன்ஸ்’ இவ்வகையினது. ஆண்டுதோறும் பைதனின் புதிய பதிப்பு வெளிவருவதால், பல பதிப்புகளிலும் ஒருங்கே சோதிக்கும்படி அதற்குப் பணிக்கலாம். “என்னுடைய கணினியில் நன்றாக இயங்கியதே” என்னும் சாட்டு அங்கே செல்லாது. பரீட்சை மண்டபத்தில் அதிபரின் மகனுக்கும் அயலாரின் மகளுக்கும் வினாத்தாள் ஒன்றே. இங்கும் ஆசிரியர் எழுதிய வரிக்கும் மாணவன் எழுதிய வரிக்கும் சோதனை ஒன்றே.

இதனால் நான் கண்ட நன்மை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு ஒரு மாணவன் நிரலொன்றைக் கொண்டுவந்தால், இடைவெளி பிழை, பெயர் பிழை என்று ஆசிரியர் அடுக்குவார். பிள்ளை முகம் வாடுவான். இப்பொழுது அச்சிறு குறைகளை இயந்திரம் முன்னரே சொல்லிவிடுகின்றது. இயந்திரத்தோடு எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆசிரியரும் மாணவனும் ‘இவ்விதி எதற்காக’ என்னும் பொருளைப் பற்றியே பேசுகின்றனர்.

நூலகம் தேறியபின் வெளியீடு. 2003ஆம் ஆண்டு முதல் பைதன் நூலகங்களுக்கென இணையத்திற் பொதுச் சுட்டியொன்று உளது. அங்கு வைக்கும் பதிப்புக்கு மூன்றுறுப்பு இலக்கம் இடுவது நல்வழக்கு: பிழைதிருத்தம் மாத்திரமாயின் கடையுறுப்பும், பழையன கெடாது புதிய வசதி சேரின் நடுவுறுப்பும், பழைய பயன்பாடு மாறுபடின் முதலுறுப்பும் உயரும். ஒருமுறை வைத்த கோப்பின் பெயரில் வேறொரு கோப்பை மீண்டும் வைக்க அச்சுட்டி இடங்கொடாது. எனவே, எவர் கையில் எப்பதிப்பு உள்ளதென்ற ஐயம் எழாது. 2023ஆம் ஆண்டு முதல், கடவுச்சொல்லை எங்கும் எழுதி வைக்காமலே, சோதனை நடத்திய அத்தானியங்கி ஏற்பாட்டின் மூலம் வெளியிடும் வழியும் உண்டு. திருட்டுக் கையொன்று இடையிற் புகாதிருக்க இது பெரிதும் உதவுகின்றது.

இவையெல்லாம் இருப்பின் பிழையே நேராதோ என்று கேட்பீர்கள். நேரும். கேட்கப்படாத வினாவுக்கு இயந்திரம் விடை தேடாது. ‘கோ’ இருவகையாக எழுதப்படும் என்பதை அம்மாணவியின் அறிக்கை உணர்த்தும்வரை எமக்குத் தோன்றவில்லை. தோன்றாததை எந்தக் கருவியும் சோதித்திராது. கருவிகளை மிகையாகக் குவிப்பதும் தீது. விதி கற்பதிலேயே பிள்ளையின் ஆர்வம் அழிந்துவிடும். பதிவேடு, ஒழுங்கு, சோதனை என்னும் மூன்றுடன் தொடங்கி, தேவை தோன்றியபோது மற்றையவற்றைச் சேர்ப்பதே தக்கது.

எமது ஆசிரியர் அண்மையில் வேறு பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றார். முன்னாயின், அவரோடு அந்நிரலைப் பற்றிய அறிவும் போயிருக்கும். இப்பொழுது மாணவர் இருவர் அதனைப் பேணுகின்றனர். சென்ற தவணையில் அவர்களுள் ஒருவன் ஒரு வரியை மாற்றியபோது, சில நிமிடங்களில் சிவப்பு அடையாளத்துடன் மறுப்பு வந்தது. அவன் மாற்றியது மெய்யாகவே பிழை. எந்தப் பிள்ளையின் அறிக்கையையும் அது சென்றடையவில்லை. தோற்ற சோதனை எது என்று பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்ட சோதனை அது. ‘கோ’ என்னும் எழுத்துக்குரியது.