ஆண்களுக்கான மார்பு உள்வைப்பு: சீரமைப்பா, அழகு சிகிச்சையா? வேறுபாடு ஏன் முக்கியம்?

புது தில்லி: பிறவியிலேயே மார்பின் ஒருபுறத் தசை வளராத ஆண்களுக்கும், விபத்தில் தசையை இழந்தவர்களுக்கும், உடலமைப்பை எடுப்பாக்க விரும்புவோருக்கும் மார்பில் சிலிக்கோன் உள்வைப்பு பொருத்தப்படுகிறது. சிகிச்சை ஏறத்தாழ ஒன்றே எனினும், அதற்கான காரணத்தைப் பொறுத்து வரியும் காப்பீடும் மாறுபடுகின்றன.

யாருக்குத் தேவைப்படுகிறது?

மார்பின் ஒருபுறத்தில் பெரிய மார்புத் தசை முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத பிறவிக் குறைபாடு 'போலண்ட் நோய்க்குறி' எனப்படுகிறது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்த ஆல்ஃபிரட் போலண்ட் 1841-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுவதாக மதிப்பிடப்படுகிறது. ஆண்களிடையே, குறிப்பாக வலப்புறத்தில், இது அதிகம் காணப்படுகிறது. சிலருக்கு அதே பக்கத்துக் கைவிரல்கள் குட்டையாகவோ ஒட்டியோ இருக்கும்.

எவ்வாறு பொருத்தப்படுகிறது?

பெண்களுக்கான உள்வைப்புகளில் ஜெல் அல்லது உப்புநீர் நிரப்பப்படுகிறது. ஆண்களுக்கானவை பொதுவாக வளையக்கூடிய திண்ம சிலிக்கோனால் ஆனவை என்பதால், உடைந்து கசியும் அபாயம் இல்லை. அக்குளில் சிறு கீறலிட்டு, மார்புத் தசைக்கு அடியில் இது வைக்கப்படுகிறது. தசையே இல்லாதவர்களுக்கு, சி.டி. ஸ்கேன் அளவுகளின்படி தனியாக வடிவமைக்கப்படுவதும் உண்டு. முதுகுத் தசையை இடம்மாற்றுதல், உடலின் கொழுப்பைச் செலுத்துதல் ஆகியவை மாற்று வழிகளாகும்.

நீர் கோத்தல், தொற்று, உள்வைப்பு இடம்பெயர்தல் ஆகிய சிக்கல்கள் ஏற்படலாம். சிகிச்சைக்குப் பின் சில வாரங்களுக்குப் பளு தூக்கக் கூடாது. உள்வைப்பு தோற்றத்தை மட்டுமே சீராக்கும். தசையின் வலிமையைத் தராது.

வரியும் காப்பீடும்

மருத்துவ சேவைகளுக்கு அளிக்கப்படும் சரக்கு-சேவை வரி விலக்கு, அழகு சிகிச்சைக்குப் பொருந்தாது. எனினும் பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பைச் சீரமைக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கு விதியோ, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பையும், உடனடி உடல்நல அபாயத்தை நீக்கும் சிகிச்சையையும் மட்டுமே விதிவிலக்காகக் கூறுகிறது. அதில் பிறவிக் குறைபாடு தனியாகக் குறிப்பிடப்படவில்லை. ஆகவே வரி விதியில் சீரமைப்பாகக் கருதப்படும் சிகிச்சைக்கே காப்பீடு மறுக்கப்பட வாய்ப்புள்ளது. எனவே, சிகிச்சைக்கான காரணத்தை மருத்துவரிடம் சான்றாகப் பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலை எழுத்துமூலம் முன்கூட்டியே பெறுவதும் அவசியமாகும்.