விளக்குக்குப் பின்னால் நிற்பவர்

மலைநாட்டிற் பெய்யும் மழை நமது முகத்துவாரத்தில் வந்து கடலோடு கலக்கின்றது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் ஒன்றுகூடிக் களனி கங்கையாகி, வழியில் லக்சபானாவின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, இங்கே மணல் திட்டுகளைத் தாண்டி ஓய்வு கொள்கின்றன. அந்த நீர் கடலை அடையுமுன் தந்துவிட்டுச் செல்லும் ஒளியில் கொட்டாஞ்சேனை மாணவன் பாடம் படிக்கின்றான். வெள்ளவத்தை இல்லத்தரசி இரவுச் சமையலை முடிக்கின்றாள். விளக்கைப் போடும்போது நாம் ஆற்றையும் நினைப்பதில்லை. அந்த ஒளியை வீடுவரை கொண்டுவந்து சேர்த்த ஆளையும் நினைப்பதில்லை. விளக்கு அணைந்தால் மட்டும் அந்த ஆளை நினைக்கின்றோம். அப்போதும் ஏசுவதற்காகவே நினைக்கின்றோம்.

நம் தெருவில் முதியவர் ஒருவர் இருந்தார். பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் நிறுவனமொன்றில் மானி வாசிப்பவராகப் பல்லாண்டு உழைத்து ஓய்வுபெற்றவர். ஒருநாள் களனி பெருகி ஒழுங்கைகளில் முழங்காலளவு நீர் நின்றபோது, அவர் தம் பழைய நாட்களை நினைவுகூர்ந்தார். இப்படியொரு வெள்ள நாளில் கந்தோருக்குப் பிந்திச் சென்றாராம். வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. கோட்டுக்குக் கீழே கையொப்பமிட்டார். சம்பளத்திலும் ஒரு பகுதி குறைந்தது.

“தம்பி, காசு போனது எனக்கு நோகவில்லை. நனைந்த உடுப்போடு நின்றவனைப் பார்த்து, ஏன் பிந்தினாய் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை நோகிறது” என்றார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொண்டு கொழும்பு மாநகரின் மின்சார வரலாற்றைப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் அந்த முதியவரின் குறையே வெவ்வேறு உருவங்களில் எதிர்ப்படுகின்றது.

கொழும்பில் 1895இல் மின்விளக்கு எரிந்தது. கோட்டைப் பகுதியின் பிறிஸ்டல் கட்டடத்தில் அதனை ஏற்றியவர்கள் பூஸ்டட் சகோதரர் என்னும் ஆங்கில வணிகர். 1902இல் கொழும்பு மின்சார டிராம்வண்டி, விளக்குக் கம்பனி தோன்றிற்று. வீதிக்கு ஒளியும் வண்டிக்கு வேகமும் ஒரே கம்பனியின் கையில் இருந்தன. கோட்டையிலிருந்து ஒரு பாதை பாலத்துறைக்கும் மற்றொன்று பொறளைக்கும் சென்றது. முகத்துவாரத்தார் பாலத்துறைவரை நடந்து சென்று வண்டியேறிக் கோட்டைக்குப் போன காலம் அது. அந்த வண்டியின் முன்புறத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றபடியே ஓட்டியவனுக்கும், சனநெரிசலுக்குள் புகுந்து சீட்டுக் கொடுத்தவனுக்கும் சட்டத்தின் துணை என்று சொல்லத்தக்கது அதிகமில்லை. தொழிற்சங்கச் சட்டம் 1935இல்தான் வந்தது. தொழிலிற் காயமுற்றோருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் வந்ததும் 1934இலேயே.

1929 ஜனவரியில் டிராம் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் அவர்களுக்குத் தலைமை தாங்கிற்று. பெப்ரவரி 5ஆம் நாள் மருதானைப் பொலிஸ் நிலையத்தருகே கலவரம் மூண்டது. பொலிசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின, மிகப் பலர் காயமுற்றனர். அவ்வாண்டிலேயே முதலாளிமாரின் சம்மேளனம் அமைந்தது; அதே ஆண்டில் அச்சம்மேளனமும் தொழிற்சங்கக் காங்கிரசும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. தொழிலாளரின் சங்கத்தை முதலாளிகள் பேசத்தக்க தரப்பாக ஏற்றுக்கொண்டமையே அந்த உடன்படிக்கையின் சாரம். இருதரப்பும் ஒரு மேசையில் அமர்வதற்கு முன்னர் வீதியில் குருதி சிந்த வேண்டியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்விடத்தில் தமிழர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தியொன்றுண்டு. ‘தேசபக்தன்’ நாளிதழை நடத்திய கோ. நடேசய்யர் ஒருகாலத்தில் குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உபதலைவராக இருந்தவர். இருவரும் ஒன்றாய் நின்ற நாட்களில் கொழும்புத் தொழிலாளர் இனம் பாராது ஒரே கொடியின் கீழ்த் திரண்டனர். 1928 அளவில் அவர்கள் பிரிந்தனர். பின்னர், 1930களின் பொருளாதார நெருக்கடியில், குணசிங்காவின் குரல் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பிற்று. முதலாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பக்கத்தில் நின்று உழைப்பவனிடம் கேட்கத் தொடங்கியபோது சங்கம் தன் வலிமையைத் தானே குறைத்துக்கொண்டது.

கேளாச் செவிக்கு ஆளானவர் கடைநிலை ஊழியர் மட்டுமல்லர். டி. ஜே. விமலசுரேந்திரா அரசாங்க சேவையிற் பணியாற்றிய பொறியியலாளர். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைக் கணக்கோடு காட்டி, 1918இல் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஆய்வுரை ஒன்றை வாசித்தார். லக்சபானா வேலை 1924இல் தொடங்கியும் இடையில் நின்றுபோயிற்று. தமது திட்டத்துக்கு உத்தியோக அறைகளில் செவிசாய்ப்பார் இல்லாமையால், ஓய்வுபெற்றபின் 1931இல் அரசாங்க சபைக்கு உறுப்பினராகிச் சென்று அங்கே வாதிட்டார். முதல் லக்சபானா நிலையம் இயங்கியது 1950இல். முப்பத்திரண்டு ஆண்டுகள்! ஓர் ஊழியனின் சொல்லைக் கேளாமையால் ஒரு நாடு இருளிற் கழித்த காலம் என்று இதனைக் கூறின் மிகையாகுமோ?

கம்பனியிடமிருந்த மின்விநியோகம் 1920களின் இறுதியில் அரசாங்கத் திணைக்களத்தின் பொறுப்புக்கு வந்தது. டிராம் வண்டிகளை 1944இல் மாநகரசபை ஏற்றது; 1960இல் அவையும் மறைந்தன. உடைமை மாறினால் உள்ளமும் மாறும் என்று பலர் நம்பினர். ஆயினும் 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியபின், அரச கந்தோர்களிலிருந்த தமிழ் இலிகிதர்களுக்குப் புதியதொரு சோதனை வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் தேறாதவருக்குச் சம்பள ஏற்றம் இல்லை என்றாயிற்று. கேகாலைக் கச்சேரியில் பணியாற்றிய கோடீஸ்வரன் அதனை ஏற்க மறுத்து வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967இல் உயர்நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்காடலாம் என்று கூறியது. அந்த 1969ஆம் ஆண்டிலேயே இலங்கை மின்சார சபையும் தோன்றியது. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின் பின் ஏறத்தாழ நாற்பதினாயிரம் அரச ஊழியர் வேலையிழந்தமை, கேளாமையின் மற்றுமோர் அத்தியாயம்.

மறுபக்கத்தையும் நடுவுநிலையோடு நோக்குதல் வேண்டும். மின்சாரம் நின்றால் வைத்தியசாலை தவிக்கும். கம்பத்தில் ஏறுபவன் கட்டளையை மீறினால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் இத்தகைய நிறுவனத்துக்குக் கண்டிப்பு இன்றியமையாதது. ஊழியனின் அசட்டையால் மாதக்கணக்கில் பிழையான சிட்டை பெற்று, கந்தோரின் படிகளில் ஏறியிறங்கிய குடிமகனும் நம்மிடையே உண்டு. ஆனால், கண்டிப்பு வேறு, அச்சுறுத்தல் வேறு. வள்ளுவர் அரசியலைப் பாடுமிடத்தில் கொடுங்கோன்மையை அடுத்து ‘வெருவந்த செய்யாமை’ என்றோர் அதிகாரத்தை வைத்தார். அதற்கடுத்துக் ‘கண்ணோட்டம்’ என்பதை வைத்தார். அதன் பின்னரே ‘ஒற்றாடல்’ வருகின்றது. வேவு பார்க்குமுன் கண்ணோட்டம் வேண்டும் என்று அந்த வரிசையே நமக்கு உணர்த்துவதாகக் கொள்ளலாம். நமது நிறுவனங்கள் பலவற்றில் ஒற்றாடல் முந்திவிடுகின்றது. கண்ணோட்டம் ஓய்வுபெறும் நாளில் பூமாலையோடுதான் வருகின்றது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்ததை எவரும் மறந்திரார். எரிபொருள் வாங்க நாட்டிடம் அந்நியச் செலாவணி இல்லை. ஆனால் தெருவிலே ஏச்சுக் கேட்டவன், சீருடையோடு வந்த சாதாரண ஊழியன். மேலே எடுக்கும் முடிவுக்குக் கீழே நிற்பவன் முகம் கொடுக்கின்றான். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டம் சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்தது. அதைப் பற்றிய விவாதங்களில் கடனும் கட்டணமும் உரக்கப் பேசப்பட்டன. அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும் பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினும், கம்பனியாயினும் திணைக்களமாயினும் சபையாயினும், உள்ளே உழைப்பவன் கேட்பது ஒன்றுதான்: என் சொல்லைக் கேட்க இங்கே ஒருவர் இருக்கின்றாரா?

அந்த முதியவர் இன்று இல்லை. அவர் மானி பார்த்த வீடுகளில் விளக்குகள் எரிகின்றன. அடுத்த முறை நம் வாசலில் ஒருவர் மழையில் நனைந்து வந்து நின்றால், சிட்டையைக் கையில் வாங்குமுன் அவரை ஒரு கணம் உள்ளே வந்து ஒதுங்கச் சொல்வோம். முகாமையாளர் செய்யவேண்டியதை அவர்கள் செய்யும்வரை, நாம் செய்யக்கூடியது அவ்வளவேனும் உண்டு.