பெயர் மாறும் வரை

பயன்படுத்திய ஸ்கூட்டர் ஒன்றைத் தெரிந்தவருக்கு விற்பது எளிய செயலாகத் தோன்றும். பணம் ஒருவர் கைக்கும் சாவி மற்றவர் கைக்கும் மாறிவிட்டால் வேலை முடிந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே வாகனத்தின் உரிமையாளர்.

இதன் விளைவு எத்துணைப் பெரிது என்பதை ஒரு வழக்கால் அறியலாம். 2007இல் ஒருவர் தம் வாகனத்தை விற்றார். அது பின்னரும் சிலர் கைகளுக்கு மாறியது. பதிவேட்டிலோ பெயர் மாறவே இல்லை. 2009இல் அவ்வாகனத்தால் நேர்ந்த விபத்தில் ஓர் உயிர் பிரிந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வாகனத்தை விற்று ஏறத்தாழ ஈராண்டு கழிந்த பின் நிகழ்ந்த விபத்து அது!

ஆகவே, விற்பவர் 29ஆம் எண் படிவத்தின் வழியே 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாள்களுக்குள் 30ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றம் கோர வேண்டும். நிரப்பாத படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது மிகவும் தவறானது. அப்படிவங்கள் எவர் கையில் எத்தனை மாதம் உறங்கும் என்பதை விற்றவர் அறிய வழியில்லை. வாகனத்தை ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றை வைத்துக்கொள்வது விற்பவருக்குத் துணையாகும்.

வாங்குபவர் கண்ணாடியின் பளபளப்பையும் இருக்கையின் புதுமையையும் கண்டு மயங்கலாகாது. பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வாகனத்தில் பொறிக்கப்பட்டுள்ளவற்றோடு ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் விலை பேசுவதை நிறுத்திவிடலாம். செலுத்தாத அபராதம் உள்ளதா என்பதைப் பரிவாகன் இணையத்தளத்தில் காணலாம். சான்றிதழில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றும் 35ஆம் எண் படிவமும் தேவை.

காப்பீட்டையும் வாங்குபவர் 14 நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கோர வேண்டும்.

பணி மாற்றத்தால் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களுக்கு வேறொரு கடமையும் உண்டு. தில்லியில் பதிவான வாகனத்தைச் சென்னைவாசி ஒருவர் வாங்கினால், தில்லி அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்குரியது 28ஆம் எண் படிவம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கு அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும். அவ்வாறு பெறும்போது அங்குச் சாலை வரியும் செலுத்த நேரும். அச்செலவையும் கணக்கிட்ட பின்னரே விலை பேசுதல் நன்று.